வாஞ்சியின் துப்பாக்கியும் நம்முடைய குறியும்

கல்லூரியில் படிக்கிற காலத்தில் நான் என்.சி.சி.யில் இருந்தேன். தேசபக்தியால் அல்ல. பரேடு முடிந்தால் பூரியும் கிழங்கும் கிடைக்கும். தென்காசிப் பக்கம் மலையடிவாரத்தில் பத்து நாள் முகாம் போட்டார்கள். ஆறாவது நாளோ ஏழாவது நாளோ, ஆளுக்கு ஐந்து ரவுண்டு கொடுத்து பாயிண்ட் டுவென்டி டூ ரைபிளால் சுடச் சொன்னார்கள். இருபத்தைந்து கஜத்தில் அட்டை. குப்புறப் படுத்து, பட்டைத் தோளில் அழுத்தி, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விரலை மெதுவாக இழுக்க வேண்டும். நான் ஐந்தையும் பதற்றத்தில் பிடுங்கி அடித்தேன். அட்டையில் ஐந்து ஓட்டையும் ஐந்து ஊரில் கிடந்தன. நடு வட்டத்தில் ஒன்றுகூட இல்லை.

'துப்பாக்கி சரியில்லை உஸ்தாத், சைட்டு கோணலா இருக்கு' என்றேன். சொல்லிக்கொடுத்த ஹவில்தார் சிரித்தார். 'ஏல தம்பி, துப்பாக்கி மேல குத்தம் சொல்லுததுக்கு முன்ன ஒன் கையப் பாரு. அஞ்சும் ஒரே எடத்துல, தீப்பெட்டி அகலத்துக்குள்ள விழட்டும். அது நடுவுல இல்லாம ஓரத்துல விழுந்தாலும் பரவால்ல. சைட்டத் திருப்பி நடுவுக்குக் கொண்டாந்துரலாம். அதுக்குப் பேருதான் ஜீரோ. இப்படிச் செதறிக் கெடந்தா எங்கிட்டுலே திருப்புறது?' என்றார். புதிதாகச் சேரும் சிப்பாய்க்கு ராணுவத்தில் முதலில் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான். முதலில் குரூப். பிறகு ஜீரோ. அதற்கும் பிறகுதான் எதிரி.

அவர் நம்ம ஆள் என்பது சாப்பாட்டு நேரத்தில்தான் தெரிந்தது. எந்த ஊர் என்று கேட்டார், சொன்னேன். எந்தத் தெரு என்று கேட்டார், அதையும் சொன்னேன். ஒன்றும் பேசாமல் தன் தட்டிலிருந்த முட்டையை என் தட்டில் வைத்துவிட்டுப் போனார்.

இதை இங்கே எழுதக் காரணம் ஒரு கூட்டம். ஜூன் 17 அன்று நடந்தது. ஆஷ் கொல்லப்பட்ட நாள் அது, வாஞ்சிநாதன் செத்த நாளும் அதுதான். நம் தோழர் ஒருவர், இளைஞர், நன்றாகப் பேசக்கூடியவர், மேடையேறினார். ஆஷ் துரை குற்றாலம் அருவியில் தாழ்த்தப்பட்டவர்களைக் குளிக்க விட்டார். பிரசவ வலியில் துடித்த நம் பெண் ஒருத்தியை அக்கிரகாரத்து வழியாகத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அந்தக் கோபத்தில்தான் வாஞ்சி சுட்டான் என்று பேசினார். கைதட்டல் பலமாக இருந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு ஆள் எழுந்து, 'இதுக்கு ஆவணம் என்ன இருக்கு? எந்தத் தேதி, எந்த ஊர், அந்தப் பெண் பேர் என்ன?' என்று கேட்டார். கேட்ட விதத்தில் விஷமம் இருந்தது. ஆனால் கேள்வியில் தப்பில்லை. தோழரிடம் பதில் இல்லை. 'எங்க மக்கள் சொல்றாங்க' என்றார். பின்வரிசை சிரித்தது. அந்தச் சிரிப்பு அன்று ராத்திரி முழுக்க என் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆவணம் இருக்கிறது, தோழரே. ஆனால் நீங்கள் தேடிய இடத்தில் இல்லை. அது வாஞ்சியின் சட்டைப் பையிலேயே இருந்தது.

முதலில் துப்பாக்கிப் பயிற்சியைப் பார்ப்போம். வாஞ்சி சிப்பாய் இல்லை. செங்கோட்டையில் பிறந்து, திருவிதாங்கூர் வனத்துறையில் புனலூரில் வேலை பார்த்தவர். வயது 25. செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956-ல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. இப்போது 2019-ல் உண்டான தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. நீலகண்ட பிரம்மச்சாரி ஊர் ஊராகப் போய் ரகசியச் சங்கத்துக்கு ஆள் சேர்த்தார். 1910-ல் தென்காசியில் மடத்துக்கடை சிதம்பரம் பிள்ளை வீட்டில் காளி படத்துக்கு முன்னால் குங்குமம் கரைத்த நீரைக் குடித்துச் சபதம் செய்தார்கள் என்பது வழக்கில் வந்த செய்தி. லண்டனிலிருந்து தப்பி 1910-ல் புதுச்சேரி வந்து சேர்ந்தார் வ.வே.சு. ஐயர். 1911 தொடக்கத்தில் வாஞ்சி வேலையில் விடுப்புப் போட்டுவிட்டுப் புதுச்சேரிக்குப் போகிறார். ஐயர் அவருக்குச் சுடக் கற்றுக்கொடுக்கிறார். பிரெஞ்சுக்காரன் எல்லை, அதனால் வெள்ளைக்காரப் போலீஸ் உள்ளே வந்து பிடிக்க முடியாது.

ஐயருக்கு இந்த வித்தை லண்டன் இந்தியா ஹவுஸ் வட்டத்தில் கிடைத்தது. அந்த வட்டத்தைச் சேர்ந்த மதன்லால் திங்ரா 1909 ஜூலை 1 அன்று கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்றார். லண்டனில் காசு கொடுத்துச் சுட்டுப் பழகும் கூடம் ஒன்றில் திங்ரா பல நாள் பழகியதும், கொலை நடந்த அன்று மாலைகூட அங்கே போய்ச் சுட்டுவிட்டு வந்ததும், கூடத்துக்காரர் வாயாலேயே நீதிமன்றத்தில் பதிவானது. அங்கே கூடத்தில் நடந்தது, இங்கே புதுச்சேரியின் ஒதுக்குப்புறத்தில் நடந்தது, அவ்வளவுதான்.

என் உஸ்தாதிடம் கேட்டால் சிரித்திருப்பார். வாஞ்சி கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கி. சிப்பாயின் ரைபிளில் இருப்பதுபோல தூரத்துக்குத் தக்கபடி ஏற்றி இறக்குகிற சைட்டு அதில் கிடையாது. அதை ஜீரோ செய்கிற பேச்சே இல்லை. மணியாச்சி சந்திப்பில், கொடைக்கானலில் இருந்த பிள்ளைகளைப் பார்க்க மனைவியோடு கிளம்பிய ஆஷ் முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்திருக்கிறார். போட் மெயில் வர வேண்டும். வாஞ்சி பெட்டிக்குள் ஏறி நெஞ்சுக்கு நேரே சுடுகிறார். கை நீட்டினால் தொடுகிற தூரம். அந்தத் தூரத்தில் குறி தப்பாது. ஆக, புதுச்சேரியில் கற்றுக்கொடுத்தது குறிபார்க்க இல்லை. கை நடுங்காமல் இருக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். கைக்குக் குறியைத் தருவது மனசு. அந்த மனசு எதைக் குறியாக வைத்திருந்தது? அதைச் சொல்கிறது அவர் எழுதி வைத்துக்கொண்ட கடிதம். சுட்ட பிறகு பிளாட்பாரத்துக் கக்கூசுக்குள் ஓடி, வாய்க்குள் வைத்துத் தன்னையே சுட்டுக்கொண்டார். பையில் அந்தக் கடிதம் இருந்தது.

அவருடைய துணிச்சலை நான் குறைத்துப் பேசவில்லை. 25 வயசில் பொன்னம்மாள் என்ற இளம் மனைவியை விட்டுவிட்டுச் சாவதற்கென்றே கிளம்பின ஆள். அதைக் கொச்சைப்படுத்தி நமக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. நம்முடைய வேலை விமர்சனம். விமர்சனம் என்றால் பிரதியைப் படிப்பது. இந்தக் கடிதம் ஒரு பிரதி. தமிழில் எழுதப்பட்ட, மிகச் சிறிய, மிக முக்கியமான அரசியல் பிரதி. நூறு ஆண்டுக்கு மேலாக அதைப் போற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். படித்தவர்கள் குறைவு.

கடிதத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், என்ன இல்லை என்று பாருங்கள். வ.உ.சி. இல்லை. சுதேசிக் கப்பல் கம்பெனி இல்லை. 1908-ல் தூத்துக்குடி கோரல் மில்லில் வேலை நிறுத்தம் செய்த தொழிலாளி இல்லை. அதே ஆண்டு மார்ச் 13 அன்று திருநெல்வேலியில் போலீஸ் சுட்டதில் செத்த நாலு பேர் இல்லை. ஆஷின் பெயர்கூட இல்லை. வ.உ.சி.யைச் செக்கிழுக்க வைத்ததற்குப் பழிவாங்கத்தான் வாஞ்சி சுட்டார் என்று பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்த நமக்கு இது ஆச்சரியமாக இருக்கும். அந்தக் காரணம் அவருடைய மனசில் இருந்திருக்கலாம், சங்கத்தில் பேசியும் இருக்கலாம். ஆனால் சாகப்போகிற நேரத்தில் உலகத்துக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதி வைத்ததில் அதற்கு இடமில்லை.

இருப்பது என்ன? ஆங்கிலேயர் நாட்டைப் பிடுங்கிக்கொண்டு சனாதன தர்மத்தைக் காலால் மிதிக்கிறார்கள் என்கிறார். ராமன், கிருஷ்ணன், அர்ஜுனன், சிவாஜி, குரு கோவிந்தர் என்று ஒரு பட்டியல் போடுகிறார். அவர்கள் தர்மத்தோடு ஆண்ட நாட்டில், மாட்டுக்கறி தின்கிற ஒரு மிலேச்சனை, ஜார்ஜ் 'பஞ்சமனை' முடிசூட்டப் பார்க்கிறார்களே என்று கொதிக்கிறார். அவன் இங்கே கால் வைத்ததும் கொல்ல மூவாயிரம் பேர் சபதம் செய்திருக்கிறோம், அவர்களில் 'கடையேன்' நான், அதை அறிவிக்கவே இதைச் செய்தேன் என்று முடிக்கிறார். வாஞ்சி ஐயர் என்று கையெழுத்து. (வழக்கில் நின்றவர்கள் 14 பேர். ஜார்ஜ் அந்த டிசம்பரில் பம்பாயில் வந்து இறங்கி, டில்லியில் தர்பார் நடத்திவிட்டுப் பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தார்.)

'பஞ்சமன்' என்பதற்கு உடனே ஒரு சமாதானம் வரும். எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் ஒருவரே சொன்னார்: 'அது சாதிப் பேர் இல்லப்பா, ஐந்தாம் ஜார்ஜ் என்பதற்கு வடமொழியில் பஞ்சமன். வெறும் எண்.' சரிதான். பஞ்சமன் என்றால் ஐந்தாமவன். நாலு வருணத்துக்கு வெளியே ஐந்தாவதாகத் தள்ளப்பட்டவனுக்கும் அந்த எண்தான் பெயராக வந்தது. 1911-ல் அந்தச் சொல் அகராதிக்குள் தூங்கிக்கொண்டிருந்த சொல்லா? சென்னை மாகாண அரசின் காகிதங்களில் நாம் பஞ்சமர். நம் பிள்ளைகள் படித்தவை பஞ்சமர் பள்ளிகள். செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் 1891-ல் பறையர் நிலைமை பற்றி அறிக்கை கொடுத்த பிறகு ஒதுக்கிய நிலத்தை இன்றைக்கும் பஞ்சமி நிலம் என்றுதான் சொல்கிறோம், அதைத் திரும்பக் கேட்டு இன்றைக்கும் அடி வாங்குகிறோம். எம்.சி. ராஜா சட்டசபையில் போராடி, பஞ்சமர், பறையர் என்ற பெயர்களை மாற்றி ஆதிதிராவிடர் என்று அரசு ஆணை வாங்கியதே 1922-ல்தான். செங்கோட்டை அக்கிரகாரத்தில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கு 1911-ல் பஞ்சமன் என்றால் வெறும் ஐந்து என்று மட்டும் கேட்டிருக்கும் என்று நம்பச் சொல்கிறார்கள்.

அந்தச் சொல் நிற்கிற இடத்தைப் பாருங்கள். எண் மட்டும்தான் என்றால் பக்கத்தில் மாட்டுக்கறி எதற்கு? கேவலம் எதற்கு? மாட்டுக்கறி தின்பவன், மிலேச்சன், பஞ்சமன், மூன்றும் தோளில் கைபோட்டுக்கொண்டு வருகின்றன. சிலேடை என்று இலக்கணத்தில் சொல்வார்கள். ராஜாவின் எண்ணும் அதில் இருக்கிறது, நம்ம சாதியும் இருக்கிறது. பேராசிரியர் ஒரு பாதியைச் சொன்னார், நான் மறு பாதியைச் சொல்கிறேன். உலகத்தில் பாதியை ஆண்டுகொண்டிருந்த ஒரு ராஜாவைக் கேவலப்படுத்த ஒரு வசவு வேண்டும். திருடன் என்று திட்டியிருக்கலாம். கொள்ளைக்காரன், கொலைகாரன் என்று திட்டியிருக்கலாம், எல்லாமே பொருந்தும். ஆனால் அவர் வாயில் வந்தது நம்ம பேரு. அதைவிடக் கேவலமான வார்த்தை அவரிடம் இல்லை.

'கடையேன்' என்ற சொல்லையும் விட்டுவிடக் கூடாது. அது அவையடக்கம். பெரியவர்கள் எழுதும்போது தன்னைச் சிறியவன், கடையவன் என்று போட்டுக்கொள்வது நம் மரபில் இருக்கிறது. பணிவுக்குக் கடையவன் ஆகிக்கொள்ளலாம், அதில் பெருமைதான். பிறப்பால் கடையவனாக ஆக்கப்பட்டவன் பெயரோ அதே கடிதத்தில் வசவு. ஒரு பக்கம்கூட வராத கடிதத்துக்குள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

இந்தப் பிரதியில் சுதந்திரம் என்பது யாருக்கு? ராமன் ஆண்ட நாடு திரும்ப வேண்டும் என்று ஒருவர் எழுதும்போது, சம்பூகன் வழியில் வந்த நான் என்ன செய்ய வேண்டும்? கைதட்ட வேண்டுமா? வெள்ளைக்காரன் போக வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் அவன் மிதித்தது சனாதன தர்மம், அதனால் போக வேண்டும் என்றால், மிதித்த அளவுக்கு அவன் இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே என்று நம் தாத்தாக்களில் யாராவது நினைத்திருந்தால் அவர்களைத் தேசத்துரோகி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அயோத்திதாசப் பண்டிதர் தம் 'தமிழன்' பத்திரிகையில் இந்தக் கொலையை அப்போதே கண்டித்து எழுதினார். அதை வைத்து அவரை வெள்ளைக்காரன் வால்பிடித்தவர் என்று எழுதியவர்கள் உண்டு. அவர்கள் வாஞ்சியின் கடிதத்தையும் 'தமிழ'னையும் ஒரே மேசையில் வைத்துப் படித்ததில்லை.

சரி, அந்தக் காலத்தில் நம் ஆட்களில் துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவர்களே இல்லையா? இருந்தார்கள். வாஞ்சி புதுச்சேரியில் ஒளிந்து ஒளிந்து பழகிய அதே ஆண்டுகளில், பெங்களூரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் பறையர்கள் பகிரங்கமாக ரைபிள் பழகிக்கொண்டிருந்தார்கள். குரூப், ஜீரோ எல்லாம் அவர்களுக்குத் தினப்படி வேலை. கம்பெனிக் காலத்திலிருந்தே சென்னைப் படையில் நம் மக்கள் இருந்தார்கள். பம்பாய்ப் படையில் மகர்கள் இருந்தார்கள்; அம்பேத்கரின் அப்பா ராம்ஜி சக்பால் சுபேதார், மோவ் படைப்பள்ளியில் ஆசிரியர். பிறகு சென்னைப் படைக்குத் தளபதியாக இருந்துபோன ராபர்ட்ஸ் போன்றவர்கள் 'வீர இனம்' என்று ஒரு கதையைக் கட்டினார்கள். தெற்கத்தியான் சண்டைக்கு ஆகமாட்டான் என்றார்கள். மகர்களுக்கு 1890-களில் கதவை அடைத்தார்கள். ஆள் தேவைப்பட்ட போர்க்காலத்தில் திறப்பதும் முடிந்ததும் சாத்துவதுமாக இருந்து, 1941-ல்தான் மகர் ரெஜிமெண்ட் என்று தனியாக ஒன்று வந்தது. வெள்ளைக்காரன் நம் கையில் துப்பாக்கி கொடுத்ததும் அன்பினால் இல்லை, பிடுங்கியதும் தர்மத்தால் இல்லை. அவனுக்கு வேண்டியபோது கொடுத்தான்.

ஆனால் கையில் ரைபிள் பிடித்தவன், பூட்ஸ் போட்டவன், பென்ஷன் புத்தகத்தோடு ஊர் திரும்பியவன் பழைய ஆளாகத் திரும்பவில்லை. இமானுவேல் சேகரன் ராணுவத்தில் இருந்து வந்தவர்தான். 1957-ல் முதுகுளத்தூர்க் கலவரத்தை ஒட்டி நடந்த சமாதானக் கூட்டத்தில் சரிக்குச் சமமாக உட்கார்ந்து பேசினார். செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் கொன்றார்கள். துப்பாக்கி பழகிய நம் ஆட்களைப் பற்றி எத்தனை நாடகம், எத்தனை சினிமா, எத்தனை நாவல் வந்திருக்கிறது? சாப்பர் ஒருவர் எழுதிய கடிதம் எந்த வீட்டுப் பரணில் கிடக்கிறது? அதை யாராவது எடுத்துப் படிக்கப் போகிறோமா?

இப்போது அந்தத் துப்பாக்கி வாத்தியாருக்கு வருகிறேன். வ.வே.சு. ஐயர் சாதாரண ஆளில்லை. குறளை இங்கிலீஷில் முழுக்க மொழிபெயர்த்தவர், கம்பனை உலகக் காவியங்களோடு வைத்துப் பேசியவர், 'குளத்தங்கரை அரசமரம்' எழுதியவர். தமிழ்ச் சிறுகதை அங்கிருந்து தொடங்குகிறது என்று சொல்கிறவர்கள் பலர். அந்தக் கதையில் வரதட்சிணையால் சீரழியும் பெண்ணுக்காக உருகியவர் அவர். பிறகு துப்பாக்கியை விட்டுவிட்டுக் காந்தி பக்கம் வந்தார். சேரன்மாதேவியில் காங்கிரஸ் பணத்தையும் வாங்கிக்கொண்டு குருகுலம் நடத்தினார். அங்கே பிராமணப் பையன்களுக்குச் சாப்பாடு தனியாக என்று தெரியவந்ததும் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கிளப்பிய புயல் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெற்றோர் கேட்டுக்கொண்டார்கள், வாக்குக் கொடுத்துவிட்டேன் என்பது ஐயர் தரப்பு. 1925-ல் பொறுப்பிலிருந்து விலகினார். அந்த ஜூன் மாதமே பாபநாசம் கல்யாண தீர்த்தத்தில், அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றக் குதித்து மூழ்கிப்போனார். பரிதாபமான சாவு.

ஒரு இளைஞனுக்குக் கொல்லவும் சாகவும் கற்றுக்கொடுக்க முடிந்த ஒருவருக்கு, இரண்டு பையன்களை மற்றப் பையன்களோடு உட்கார்ந்து சாப்பிடச் சொல்ல முடியவில்லை. இதை நான் கேலிக்காகச் சொல்லவில்லை. வெள்ளைக்கார கலெக்டரைச் சுடுவதைவிட அது கஷ்டமான காரியமாக அவருக்கு இருந்திருக்கிறது. அந்த வாக்குவாதத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. சண்டை பிராமணப் பையனுக்கும் பிராமணரல்லாத பையனுக்கும் நடுவில் நடந்தது. சேரிப் பிள்ளைக்கு எந்தப் பந்தியில் இலை என்பது அன்றைக்கு யாருக்கும் முதல் கேள்வியாக இல்லை. திராவிட இயக்க நண்பர்கள் சேரன்மாதேவியைப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேசினால் நல்லது.

குற்றாலத்துக்கு வருவோம். அந்தத் தோழர் சொன்ன கதை. இந்தக் கதையை நானும் நம்பினேன். மேடையில் சொல்லியும் இருக்கிறேன், மறைக்கவில்லை. ஆஷ் அருவியை நம் மக்களுக்குத் திறந்துவிட்டார் என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள். அவர் அருவியை வெள்ளைக்காரருக்கு மட்டும் ஒதுக்கினார், அதுதான் கோபம் என்று இன்னொரு பக்கம் சொல்கிறார்கள். ஒரே ஆள், ஒரே அருவி, இரண்டு கதை. ஆ.இரா. வேங்கடாசலபதி ஆஷ் பற்றிய காகிதங்களை வருஷக்கணக்கில் தேடி எழுதியவர். அவரோடு நமக்கு எத்தனை கருத்து வேறுபாடு இருந்தாலும், தேடிவிட்டுத்தான் பேசுகிறார் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். நாம் தேடினோமா? கலெக்டர் ஆணை போட்டிருந்தால் அது எங்காவது காகிதத்தில் இருக்கும். அப்படி ஒரு காகிதத்தை நம்மில் யாரும் இதுவரை காட்டவில்லை. காட்டுகிற வரைக்கும் மேடையில் அதை நடந்ததாகச் சொல்ல நமக்கு உரிமை கிடையாது.

இப்படி எழுதினால் சில தோழர்களுக்குக் கோபம் வரும். 'அவங்க புராணத்துக்கெல்லாம் ஆவணம் கேட்டியா? நம்ம கதைக்கு மட்டும் கேக்குறியே' என்பார்கள். நியாயமான கோபம்தான். வாய்மொழி வரலாறு நம்முடைய வரலாறு. எழுத விடாமல் வைத்துவிட்டு எழுத்தைக் காட்டு என்பது அயோக்கியத்தனம். ஆனால் வாய்மொழிக்கும் ஒரு ஒழுங்கு உண்டு. யார் சொன்னார், அவருக்கு யார் சொன்னார், எந்த ஊரில், எந்தத் தெருவில் என்று கேட்டு எழுதினால் அது சாட்சியம். மேடைக்கு மேடை கை மாறி, ஒவ்வொரு கையிலும் ஒரு வண்டியும் ஒரு பிரசவ வலியும் கூடிக்கொண்டே வந்தால் அது வேறு. ஐந்து ரவுண்டும் ஐந்து ஊரில் விழுந்த அட்டை அது. எந்தப் பக்கம் சைட்டைத் திருப்புவது?

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. இந்தக் கதை ஆஷைப் புனிதராக்குகிறது. தூத்துக்குடியில் அவர் இருந்தபோது கோரல் மில் தொழிலாளியை ஒடுக்கிய நிர்வாகத்தில் அவரும் ஒரு ஆள். சுதேசிக் கப்பலுக்கு எதிராக வேலை செய்தவர். அவர் சாம்ராஜ்யத்தின் அதிகாரி, அதற்குரிய வேலையைச் செய்தார். பாளையங்கோட்டையில் அவர் கல்லறையில் நம் அமைப்புகள் மாலை போடுவது வாஞ்சி மண்டபத்துக்கு ஒரு பதில் என்ற அளவில் எனக்குப் புரிகிறது. அந்த மாலையைப் பார்த்து அவர்கள் முகம் சுளிக்கிறபோது எனக்கும் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருக்கிறது, பொய் சொல்வானேன். ஆனால் வாஞ்சியின் கடிதத்தை மறுக்க ஆஷ் நல்லவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆஷ் எவ்வளவு கெட்டவராகவும் இருந்துவிட்டுப் போகட்டும். கடிதத்தில் இருக்கிற பஞ்சமன் அப்படியேதான் இருப்பான்.

மணியாச்சி ரயில் நிலையத்துக்கு வாஞ்சி மணியாச்சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் யோசிப்பேன், பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் அந்தக் கடிதத்தையும் முழுசாக, ஒரு எழுத்து விடாமல் எழுதி வைத்தால் என்ன? அவரைக் கும்பிடுகிறவர்கள் ஏன் அதைச் செய்யவில்லை? நம் கோரிக்கைகளில் இதையும் ஒன்றாகச் சேர்க்கலாம் என்று தோன்றுகிறது. பலகையை மாற்றச் சொல்ல வேண்டாம், கடிதத்தை எழுதச் சொல்லுவோம்.

செங்கோட்டையில் நம் ஆள் கோயிலுக்குள் கால் வைக்க 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூர் மகாராஜா பிரகடனம் போட வேண்டியிருந்தது. நாலு மைல் இந்தப் பக்கம் தென்காசியும் குற்றாலமும் சென்னை மாகாணம். இங்கே 1939 வரை அந்தச் சட்டமும் இல்லை. ஆக 1911-ல் நிலைமை என்ன என்று யூகிக்கக் கஷ்டமில்லை. ஆனால் யூகிப்பதோடு நிறுத்த வேண்டாம் என்றுதான் அந்தக் கூட்டத்துக்குப் பிறகு தோழரிடம் சொன்னேன். முதலில் முறைத்தார். பிறகு சீசன் நேரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பஸ் ஏறினோம். ஊரே அருவிக்குக் குளிக்கப் போகிறது, நாங்கள் அருவிக்குப் போகாமல் சிற்றாற்றை ஒட்டிக் கீழே இருக்கிற தெருக்களுக்குப் போனோம். ஆஷ் பெயரை எடுக்கக் கூடாது, வாஞ்சி பெயரை எடுக்கக் கூடாது, ஒரே கேள்விதான் கேட்க வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம். 'ஆச்சி, ஒங்க அம்மா காலத்துல, ஒங்க பாட்டி காலத்துல, நம்ம ஆளுக எங்க குளிச்சாங்க?'

எண்பது வயசுக்கு மேல் இருக்கும் அந்த ஆச்சிக்கு. முறத்தை மடியில் வைத்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். தோழர் செல்போனில் பதிவை அழுத்திவிட்டு, தேதியையும் தெருவின் பெயரையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

'அருவியிலயா?' என்றார் ஆச்சி. 'அங்கன எவன்யா விட்டான்? ஆத்துலதான். எல்லாரும் குளிச்சு வுட்ட தண்ணி வருமே, அதுல. வெள்ளக்காரனா? அவன நான் கண்டது இல்ல. எங்கம்ம சொன்னத சொல்லுதேன். எழுதுதீகளா? எழுதிக்கிடுங்க.'